என்ன சத்தம் என்று எழுது

வடக்குப்பட்டு,
14.7.2025

கங்காவின் அப்பாவுக்கு,

மகள் வீட்டில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் குறை இருக்காது. அதனால் அதைக் கேட்கவில்லை. இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் உங்களுக்குக் கேட்காது. கங்காவிடம் சொல்லி, அவள் கையை ஆட்டி வாயை அசைத்து உங்களுக்குச் சொன்னால் பாதி அவள் சொந்தச் சரக்காக இருக்கும். போனிலேயே எழுத்துத் தட்டி அனுப்பு என்கிறாள். என் விரலுக்கு அது 'க' கேட்டால் 'ங' தருகிறது. ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் சிலேட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். அந்தக் கை என்னிடம் இருக்கும்போது போன் எதற்கு?

விஷயம் இதுதான். தண்டலத்தில் அடிபட்ட வண்டி விற்கிற யார்டில் நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோமே, முன்பக்கம் நசுங்கின வெள்ளைக் கார், அதை நான் வாங்கிவிட்டேன். போன புதன்கிழமை லாரியில் ஏற்றி வந்து மாடு கட்டுகிற இடத்தில் இறக்கினார்கள். மாடு அங்கே இல்லை. மாட்டை விற்றுத்தான் வாங்கினேன். எதிர்வீட்டு சுந்தராம்பாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி பாப்பம்மா, மாடாவது பால் குடுத்துது. இது இன்னா குடுக்கும்?" என்றாள். "ஆயில் குடுக்குது பாரு, கீழ ஒழுவிகினு கீது. புடிச்சிம்போயி வெளக்கு ஏத்து" என்றேன். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

யார்டுக்காரர் ராஜசேகர் ரசீது போடும்போது, யார் பேருக்கு என்றார். வூட்டுக்காரர் பேருக்கு என்றேன். "பேரு இன்னாம்மா?" என்றார். நான் சும்மா நின்றேன். "அட, சொல்லும்மா. இன்னும் பத்து வண்டி கீது எனக்கு" என்றார். நான் உங்கள் பேரை என்றைக்கு வாயால் சொன்னேன்? பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். எழுதினால் சொன்னது ஆகாது. அதனால் வண்டி உங்கள் பேரில் இருக்கிறது. பேர் மாற்றுவதற்குக் கையெழுத்தும் நீங்கள்தான் போட வேண்டுமாம்.

வண்டிக்குள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. முன்னே வைத்திருந்தவர்கள் தலையணை உறை மாதிரி எதையோ மாட்டியிருக்கிறார்கள். ஒரே பவுடரும் புழுதியும். கழற்ற வரவில்லை. வாளியை உள்ளேயே வைத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, கஞ்சியும் போட்டுக் காயவிட்டேன். பிய்ந்திருந்த இடத்தைத் தைத்து, மடித்து, மறுபடி உள்ளே செருகிவிட்டேன். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு யார்டில் நான் ராஜசேகரிடம் பேசிக்கொண்டே இருக்கும்போது திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தீர்கள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
பாப்பம்மாள்


ஓசூர்,
21.7.2025

பாப்பம்மாளுக்கு,

கடிதம் வந்தது. உறை மேல் என் பெயரை நீ எழுதியிருந்தாய். உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்தில் நீ அதை எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ துவைத்தது தலையணை உறை இல்லை. அது ஏர்பேக். வண்டி மோதினால் ஒரு நொடியில் வெடித்து ஊதி ஓட்டுகிறவன் நெஞ்சைத் தாங்குகிற பை. ஒரு தடவைதான் வெடிக்கும். வெடித்தால் அதோடு அது முடிந்தது, முழுசாகக் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். அதற்குக் கஞ்சி போட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். பேத்தி தென்றலிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் தோள் குலுங்கியது. ரொம்ப நேரம் குலுங்கியது.

வண்டியை ஏன் வாங்கினாய் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வண்டி வேண்டாம் என்று யார்டுக்காரரிடம் நீதானே சொன்னாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சொல்லிவிட்டு இப்போது மாட்டையும் விற்றிருக்கிறாய். நல்ல மாடு அது. வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடு.

இங்கே எல்லோரும் நன்றாக வைத்துக்கொள்கிறார்கள்.

நடேசன்

வண்டி ஸ்டார்ட் ஆகிறதா? ஸ்டார்ட் ஆனால் என்ன சத்தம் என்று எழுது.


வடக்குப்பட்டு,
30.7.2025

கங்காவின் அப்பாவுக்கு,

வேண்டாம் என்று நான் சொன்னது உண்மைதான். அன்றைக்கு வேண்டாம் என்றேன். அதற்காக ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போவானா? இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் என் கை சூடாகிவிடும். விடுங்கள்.

வண்டியைத் தள்ளிவிடப் போவதில்லை. வாலாஜாபாத் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற அருள்பாண்டியைக் கூப்பிட்டு வந்தேன். சாத்தூர் பக்கத்து ஆள். கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு இப்போது தனியாக மெக்கானிக் வேலை பார்க்கிறார். வந்ததும் முதலில் ஸ்டியரிங்கைத்தான் பார்த்தார்.

"பெரியம்மா, இத யாரு தைச்சது?"

"நான்தான். இன்னா, கோணலா கீதா?"

"நேராத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் முன்பக்கத்தைப் பிரித்தார். ரேடியேட்டர் போய்விட்டது, வேறு மாட்டினார். இடது பக்க ஹெட்லைட் இல்லை. பம்பர் இரண்டு துண்டு. பானெட்டை நிமிர்த்த முடியாது என்று சொல்லி, வேறொரு அடிபட்ட வண்டியிலிருந்து ஒன்று கொண்டுவந்து மாட்டினார். அது சிவப்பு. வெள்ளைக் காருக்குச் சிவப்பு மூக்கு. வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரி இருக்கிறது. இடது பக்கக் கதவு உள்ளே குழிந்துபோய்ச் சாத்த வரவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.

நேற்று ஸ்டார்ட் செய்தார். ஆனது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அதை அவர் எதிரில் காட்டிக்கொள்ளவில்லை. சத்தம் என்னவென்று கேட்டீர்கள். முதலில் நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தையல் மெஷினில் துணி மாட்டிக்கொண்டால் ஊசி ஓடாமல் 'கர்ர், கர்ர்' என்று இழுக்குமே, அந்த மாதிரி. அப்புறம் கியர் போட்டபோது, லாரியிலிருந்து அரிசி மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அப்படி ஒரு 'தொம்'. ஒரே ஒரு தொம். வண்டியே ஒரு தரம் குலுங்கிற்று.

நான் கவனித்துக் கேட்டு எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பாப்பம்மாள்


ஓசூர்,
6.8.2025

பாப்பம்மாளுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இரண்டு சத்தத்தையும் எனக்குக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

அந்தக் 'கர்ர்' ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகமாகிறதா, இல்லை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். மிதித்தாலும் மாறாமல் ஒரே சீராக வந்தால் அது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன். இறக்கை எங்கேயோ உரசுகிறது. வண்டி சூடானதும்தான் ஃபேன் ஓடும், அதனால்தான் ஸ்டார்ட் ஆனதும் கேட்கவில்லை. 'தொம்' என்பது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர். மவுண்டிங் என்று அருள்பாண்டியிடம் சொல். மோதினதில் அது பிளந்திருக்கும். ஸ்டார்ட் செய்து எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்தாலே தெரியும்.

இடது பக்கக் கதவை மட்டும் அவரைத் தொடவிடாதே. கட்டியே இருக்கட்டும்.

ஏன் என்று நீ கேட்பாய். கார் கம்பெனி பிரஸ் ஷாப்பில் பதினேழு வருஷம் நின்றேன். தகடு உள்ளே போகும், ஒரு அடி, கதவாக வெளியே வரும். இடது பக்கக் கதவு. ஷிப்டுக்கு ஷிப்டு, ஓ.டி.யிலும் அதேதான். வலது பக்கக் கதவு அடுத்த மெஷின். அந்தக் கதவு ஒரு முழு வண்டியில் போய் உட்கார்ந்ததை என் கண்ணால் நான் பார்த்ததில்லை. அசெம்பிளி லைன் வேறு கட்டடம், அங்கே எங்களை விடமாட்டார்கள். ரோட்டில் ஒவ்வொரு வண்டியும் போகும்போது நான் கதவைத்தான் பார்ப்பேன். உடைந்த வண்டி ஒன்றை மலிவாக வாங்கி, என் கையால் ஒன்றாகச் சேர்த்து ஒரு முழு வண்டியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓட்டுவதற்கில்லை. அதைத்தான் உன்னிடம் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே சத்தம் பற்றி என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சாப்பிடு, குளி, தூங்கு என்று கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். அதில் தப்பில்லை. கேட்காதவனிடம் சத்தத்தைப் பற்றி என்ன சொல்வது?

நீ எழுதத் தெரிந்தவளாக இருக்கிறாய். வண்டி போகட்டும், வீட்டில் வேறு என்ன கேட்கிறது? அதையும் எழுது.

நடேசன்


வடக்குப்பட்டு,
18.8.2025

கங்காவின் அப்பாவுக்கு,

ஃபேன்தான். மவுண்டிங்தான். அருள்பாண்டி பார்த்துவிட்டு, "கடுதாசில வைத்தியம் பாக்கத இப்பத்தான் பாக்கேன் பெரியம்மா. நானும் ரெண்டு நாள்ல கண்டுபுடிச்சிருப்பேன்" என்றார். "கண்டுபுடிச்சிருப்பய்யா, யாரு இல்லேன்னா?" என்றேன். ரப்பரை மாற்றினார். ஃபேனைச் சுற்றியிருந்த கூண்டு நெளிந்திருந்தது, நிமிர்த்தினார். இப்போது தொம்மும் இல்லை, கர்ரும் இல்லை. கதவைத் தொடவில்லை. கயிறு போட்டபடியே இருக்கிறது.

வீட்டில் என்ன கேட்கிறது என்று கேட்டீர்கள். எட்டு வருஷமாக நீங்கள் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்கள் வரும். ஊர் முனையில் நின்று 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும், அப்புறம்தான் கதவு திறக்கும். வாடகைக்கு இருக்கிற தென்னாட்டுப் பிள்ளைகள் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த வருஷம் நம் வேப்பமரத்தில் ஒரு குயில் இருக்கிறது. அதற்குத் தொண்டை சரியில்லை. கூவ ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறது. மழை வந்தால் தகரக் கூரையில் முதலில் ஒரு சொட்டு, அப்புறம் யாரோ கைப்பிடி கைப்பிடியாகத் துவரம்பருப்பை எறிகிற மாதிரி. மாடு இருந்த இடம் அமைதியாக இருக்கிறது. அது அசை போடுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேன். நீங்களும் குறட்டை விடுவீர்கள். உங்களுக்கு அது தெரியாது. காது நன்றாக இருந்த காலத்திலும் நீங்கள் ஒத்துக்கொண்டதில்லை. இரண்டும் இல்லாமல் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. அறைக்குள் நுழையும்போது நீங்கள் திடுக்கிடக் கூடாது என்று லைட்டை ஒரு தரம் அணைத்துப் போடுவேனே, இன்னும் போடுகிறேன். கட்டிலில் யாரும் இல்லை என்று தெரிந்தேதான். போட்டபிறகுதான் ஞாபகம் வருகிறது.

இவ்வளவு எழுதிவிட்டேன், இனிமேல் கேட்காமல் இருப்பது வீண் வீம்பு. நான் உங்களுக்கு என்ன செய்தேன்? வண்டியை அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? சொல்லுங்கள். இல்லையென்றால் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று தோன்றுகிறது.

பாப்பம்மாள்


ஓசூர்,
25.8.2025

பாப்பம்மாளுக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். கேட்காமல் இருந்திருந்தால் சாகிற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு யார்டில் நான் கதவுப் பக்கம் குனிந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ ராஜசேகரிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உன் வாய் என்ன சொன்னது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "செவுட்டுக்கு வண்டி வாணாம்யா" என்றாய். அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

அந்தச் சொல்லை என்னை எல்லோரும் சொல்வார்கள். வேலையில் இருந்தவரைக்கும் சூப்பர்வைசர் சொன்னார், டீக்கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் கண்டக்டர் சொல்வார். எனக்கு அது பழகிவிட்டது. வீட்டுக்குள் மட்டும் அது வராது என்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான்.

உன் மேல் கோபம் இல்லை. உனக்கும் சலிப்பாக இருந்திருக்கும். லைட்டைப் போட்டுப் போட்டு எத்தனை வருஷம் ஒருத்தியால் இருக்க முடியும்? அதைப் பார்த்த பிறகு உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. பையை எடுத்தேன்.

குயிலைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது.

நடேசன்


வடக்குப்பட்டு,
1.9.2025

அந்த யார்டுக்கு நாம் போன நாள் என்ன கிழமை என்று காலண்டரில் பாருங்கள். ஜூலை ஒன்றாம் தேதி. செவ்வாய்க்கிழமை.

ராஜசேகர் அப்போதே அட்வான்ஸ் கொடுத்து வண்டியை எடுத்துப் போகச் சொன்னார். "செவ்வாய்க்கு வண்டி வாணாம்யா" என்று சொன்னேன். செவ்வாய்க்கு. செவ்வாய்க்கிழமைக்கு. நாளைக்கு நல்ல நாள், நாளைக்கு வரோம் என்றேன். "இந்தக் காலத்துல இன்னாம்மா கெழம பாத்துகினு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் முதுகு ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

நம் வீட்டில் செவ்வாயில் ஒரு துடைப்பம் வாங்கியது உண்டா? கங்கா கல்யாணத்துக்குத் தாலிக்குப் பொன் உருக்குவதை ஒரு நாள் தள்ளி வைத்தது எதற்கு? இவ்வளவும் தெரிந்த மனுஷனுக்கு, என் வாயிலிருந்து 'செ' வந்ததும் அந்தச் சொல்தான் ஞாபகம் வந்ததா?

சொல்லை நான் சொல்லவில்லை என்பதோடு இது முடியவில்லை. சொல்வேன் என்று நீங்கள் நம்பினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டீக்கடைக்காரனோடும் கண்டக்டரோடும் என்னையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் நான் ஏதோ கொடுமை செய்து விரட்டின மாதிரி ஆக்கிவிட்டு, உன் மேல் கோபம் இல்லை என்று பெரிய மனசு பண்ணி எழுதுகிறீர்கள்.

கோபம் எனக்கு இருக்கிறது. இனிமேல் எழுத மாட்டேன்.

பா.


ஓசூர்,
9.9.2025

பாப்பம்மா,

காலண்டரைப் பார்த்தேன். கிழித்த தாளைத் தேடி எடுத்துப் பார்க்கச் சொன்னேன், தென்றல் போனில் காட்டினாள். செவ்வாய்.

நீ சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காது போனவனுக்கு வாய்தான் எழுத்து. பாதி எழுத்துத்தான் தெரியும், மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். எட்டு வருஷமாக ஊர் வாயைப் பார்த்துப் பார்த்து, எவன் உதடாவது 'செ' என்று ஆரம்பித்தால் போதும், மீதியை என் கண் முடித்துவிடும். செங்கல் என்பான், செலவு என்பான், செருப்பு எங்கே என்பான். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு நாள் கடையில் ஒருவன் செம்பருத்திப் பூ கேட்டதற்கு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். அப்புறம் கடைக்காரர் பூவை எடுத்துக் காட்டினார்.

உன் வாயை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். நாற்பது வருஷம் பார்த்த வாய். அன்றைக்கு நான் உன்னைப் பார்க்கவில்லை, முன்னாலேயே தீர்மானித்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

வா என்று ஒரு வரி எழுது. அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். நீ எழுதாமல் நானாக வந்து நின்றால் அது உன்னைத் துரத்துகிற மாதிரி இருக்கும்.

நடேசன்


ஓசூர்,
18.9.2025

பாப்பம்மா,

போஸ்ட்மேன் இன்றைக்கும் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். தினமும் அவர் வருகிற நேரத்துக்கு கேட்டில் நிற்கிறேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அது ஒன்றைத்தான் அவர் எனக்குச் சொல்கிறார்.

மாப்பிள்ளை தன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். பானெட் மேல் கையை வைத்தேன். கையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை.

என் காது போய் எட்டு வருஷம் ஆகிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று வாரமாகத்தான் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வண்டி என்ன சத்தம் போடுகிறது? திட்டியாவது எழுது.

நடேசன்


வடக்குப்பட்டு,
24.9.2025

கங்காவின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தது. முதல் கடிதத்துக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. அதுவும் உங்கள் மேல் கோபத்தில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அருள்பாண்டி வண்டியை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். இடது பக்கக் கதவு கயிறு கட்டினது, திறக்க முடியாது. அதனால் ஓட்டுகிற பக்கமாக ஏறி, குறுக்கே இருக்கிற கியர் தடியைத் தாண்டி, புடவையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். சுந்தராம்பாள் வாசலில் நின்று, "ஏண்டி, குறுக்கால பூந்து போறது வண்டியா, பொந்தா?" என்றாள். "உன்ன ஏத்திகினு போவல இல்ல, அந்த வயித்தெரிச்சல்" என்றேன். ஏறிக்கொள் என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள், பாவம். அடுத்த தரம் கூப்பிடலாம்.

ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு அருள்பாண்டி டீ குடிக்கப் போனார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே, பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதற்கு, அதை என் பக்கம் திருப்பினேன். முகம் முழுசாகத் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வாய் மட்டும்தான் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, "செவ்வாய்க்கு வண்டி வாணாம்யா" என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் அந்த இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் சத்தமில்லாமல்.

திரும்பத் திரும்ப மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். சொல்கிற எனக்கே, எதைச் சொல்கிறேன் என்று கண்ணாடியில் வித்தியாசம் தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வந்த அருள்பாண்டி, "என்ன பெரியம்மா, சாமி கும்புடுதியளா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷமாக நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தானா? ஒரு தரமாவது நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். உங்கள் மேல் கோபம் முழுசும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்கள், அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் பார்த்த பிறகு அந்தக் கோபத்துக்கு முன்னே மாதிரி பலம் இல்லை.

வருகிற புதன்கிழமை ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் தயாராக இருக்கிறது. உடையவர் இல்லாமல் எப்படிப் பொட்டு வைப்பது என்று அருள்பாண்டி கேட்கிறார். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்குங்கள். அங்கே வண்டியோடு நிற்கிறேன், அருள்பாண்டி ஓட்டுவார். முன் சீட்டுக்கு நீங்களும் என் மாதிரிதான் ஏற வேண்டும், கதவை நீங்கள் சரி செய்கிற வரைக்கும்.

வா என்று ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். அதை எழுத மாட்டேன். எழுதினால் சொன்னது ஆகாது.

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நேர் எதிரில், வெளிச்சத்தில் நிற்பேன். "வாங்க" என்று வாயால் சொல்வேன். அதையும் அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறு எந்தச் சொல் மாதிரியும் தெரியவில்லை.

பாப்பம்மாள்